பதினொன்று இருபதுக்கு விழுந்த அடி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், என் இடது முட்டி மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது, மாடிப்படி ஏறினால் அது ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். நீயும் சுகமாக, முட்டி விஷயத்தில் என்னைவிடச் சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். வாரா வாரம் போனில் பேசுகிற மனுஷனுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே ஒரு ஜோக்கை விட்டுவிட்டுக் கழன்றுகொள்வேன், அது உனக்கே தெரியும். இது கழன்றுகொள்ளக்கூடாத விஷயம். அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தைத் தியாகம் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், என் தியாகம் எவ்வளவு பெரியது என்பதை உன் அம்மாவைக் கேட்டால் சொல்வாள்.

முதலில் வீட்டுச் சேதி. உன் அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றியாகிவிட்டது. போட்ட முதல் நாள் என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்துவிட்டு, "பழைய கண்ணாடியையே வச்சிருந்திருக்கலாம் போல" என்றாள். குளியலறை ஜன்னல் கொக்கி சரியாக மூடவில்லை என்றாயே, அதை நானே ரிப்பேர் செய்தேன், இப்போது நன்றாக மூடுகிறது, திறக்கத்தான் மாட்டேன் என்கிறது. உன் அறையில் எதையும் மாற்றவில்லை, என் பழைய காலண்டர்கள் மட்டும் உன் கட்டிலுக்கு அடியில் குடியேறியிருக்கின்றன.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கம்பெனி மேசை விளக்குகள் தூர தேசங்களுக்கெல்லாம் போகின்றன என்று பெருமையடித்திருக்கிறேன் அல்லவா, அதில் நூறு போனால் ஏழெட்டு உடைந்து போய்ச் சேர்கிறது என்பதைச் சொன்னதில்லை. நான்கு வருஷத்துக்கு முன்பு தகரத் தொப்பியை விட்டுவிட்டுக் கண்ணாடித் தொப்பி வைத்த விளக்கு வந்தது, அன்றிலிருந்து இந்தத் தலைவலி. லாரிக்காரன் கப்பல்காரனைச் சொல்கிறான், கப்பல்காரன் கூரியர்காரனைச் சொல்கிறான், எல்லோருமாகச் சேர்ந்து கடைசியில் பேக்கிங் சரியில்லை என்கிறார்கள். பேக்கிங் என்றால் எங்கள் அறையில் கண்ணாடி விளக்கு முழுவதும் ஒரே ஆளின் மேசை. அவளை நாங்கள் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவோம். மற்றவர்கள் பத்துப் பெட்டி கட்டுகிற நேரத்தில் ஆறு கட்டுவாள், ஆனால் அந்த ஆறையும் பார்த்தால் பிரிக்க மனசு வராது. இரண்டு பிள்ளைகளை ஒற்றை ஆளாக வளர்க்கிறவள். திரும்பி வந்த உடைசல் எல்லாவற்றிலும், கட்டிய ஆளைக் காட்டப் பெட்டிக்குள் போடுகிற சீட்டில், அவள் நம்பர் இருப்பதைப் பார்த்துவிட்டு மேனேஜர், "ஆறு கட்டியும் உடையுதுன்னா அந்தம்மா எதுக்கு?" என்று என்னிடமே கேட்டார். நான் அந்த அறைக்குச் சூப்பர்வைசர், வாயைத் திறந்திருக்க வேண்டும், ஃபைலைத் திறந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் புதிதாக வந்த எஞ்சினியர் பெண், உன் வயதுதான் இருக்கும், ஒரு யோசனை சொன்னாள். யாரைக் குறை சொல்வது என்பதற்கு முன்னால், பெட்டி வழியில் என்ன பாடு படுகிறது என்று பெட்டியையே கேட்போம் என்றாள். தீப்பெட்டி அளவில் ஒரு கருவி இருக்கிறது, விளக்கின் அடிப்பாகத்தில் ஒட்டிவிட்டால் எப்போது விழுந்தது, எவ்வளவு பலமாக அடிபட்டது, எத்தனை சூடு, எத்தனை ஈரம் என்று மணி நிமிஷத்தோடு எழுதி வைத்துக்கொள்ளும். நாங்கள் அதற்கு 'ஒற்றன்' என்று பெயர் வைத்தோம். ஆயிரம் பெட்டியில் வைப்பதற்கு முன்னால் பத்துப் பெட்டியில் ஒரு முன்னோட்டம், அதைத் திட்டம் போட என்னையும் கூட உட்கார வைத்தாள். நான், உன் அப்பா, ஒரு ஆராய்ச்சியில் பங்கெடுத்திருக்கிறேன், என் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் கேட்டால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். முதல் நாளே என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். ஒற்றன் விலை உயர்ந்த சாமான் ஆயிற்றே என்று பஞ்சு சுற்றி, அதற்கு மேல் குமிழி பிளாஸ்டிக் சுற்றி உள்ளே வைத்தேன். அந்தப் பெண் சிரிக்காமல், "சார், அதுக்கு அடி படணும் சார், அதுக்குத்தானே அதை வாங்கியிருக்கோம்" என்றாள். நிதானம் டேப்பைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை ஒத்திகை. ஒற்றனுடைய கடிகாரமும் பேட்டரியும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரே ஒரு பெட்டியை நானும் நிதானமுமாக எங்கள் கட்டடத்துக்குள்ளேயே மேசையிலிருந்து லாரி கேட் வரைக்கும் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தோம். சாயங்காலம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் ஒரு கோடு. தள்ளுவண்டியில் போனது, வாசற்படியில் ஏறி இறங்கியது எல்லாம் சின்னச் சின்ன மேடு. நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் பனைமரம் மாதிரி நிமிர்ந்து நின்றது. அந்தப் பெண் அதன்மேல் விரலை வைத்து, "பதினொன்னு இருபதுக்கு என்ன நடந்துச்சு சார்? யாராச்சும் கீழ போட்டுட்டாங்களா?" என்றாள்.

எனக்குத் தெரியும். நிதானத்துக்கும் தெரியும். பெட்டியை ஒட்டி முடித்ததும் நான் அதை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி மேசைமேல் ஒரு தட்டு தட்டுவேன், தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பேன். உள்ளே ஏதாவது உருண்டால் சத்தம் சொல்லிவிடும், திரும்பப் பிரிக்கச் சொல்வேன். சின்ன வயதில் நீ ஒருநாள் கம்பெனிக்கு வந்தபோது இதைப் பார்த்துவிட்டு அப்பா பெட்டிக்கு டாக்டர் என்று சொன்னாயே, அதே தட்டுதான். இருபத்திரண்டு வருஷமாக என் தட்டு வாங்காமல் ஒரு பெட்டியும் அந்த அறையை விட்டு வெளியே போனதில்லை. தகரத் தொப்பிக்கு அது ஒன்றும் செய்யவில்லை. கண்ணாடி வந்த பிறகும் நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, கைக்கு யோசனை ஏது.

அந்தப் பெண்ணிடம் நான், "தெரியலையேம்மா" என்றேன். அவள் ஏதோ கை தவறியிருக்கிறது என்று குறித்துக்கொண்டாள். அதோடு விடாமல், ஒற்றனை லாரி கேட்டில் ஏற்றும்போது ஆன் செய்தால் போதும், நம் கட்டடத்துக்குள் நடப்பதற்கும் ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று நானே யோசனை சொன்னேன். அவளும் அனுபவஸ்தர் சொல்கிறாரே என்று அப்படியே திட்டத்தில் எழுதிவிட்டாள். மறுநாள் அதைப் படித்துப் பார்த்த மேனேஜர், வழியில் பெரிதாக அடி எதுவும் இல்லை என்று ஒற்றன் சொன்னால் குற்றம் பேக்கிங்கில்தான், அந்த மேசைக்கு வேறு ஆளைப் பார்த்துவிடலாம் என்றார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் காதில் அந்தத் தட்டு கேட்டது.

நிதானம் என்னிடம் சண்டை போடவில்லை. சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "அண்ணே, பெட்டி பேசுறது உங்க காதுக்குக் கேக்கும்னு சொல்வீங்களே, நான் பேசுறது கேக்குமா?" என்றாள். நான் கீழே கிடந்த காலி டேப் உருளைகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். "நான் போய்ச் சொன்னா தப்பிக்கிறதுக்காகப் பழியைத் தூக்கி உங்க மேல போடறேன்னு சொல்வாங்க. நீங்கதாண்ணே சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன ஆச்சு என்று உன் அம்மா கேட்டாள், வயிறு என்றேன். "வயிறு நல்லாத்தான் இருக்கும், வேற எதையோ முழுங்கியிருக்கீங்க" என்றாள். புதுக் கண்ணாடி.

ஆனாலும் மூன்று நாள் ஓட்டினேன். அதற்குள் அந்தப் பெண், பெட்டி போய்ச் சேருகிற இடத்தில் பிரித்துப் பார்த்து உண்மையை எழுதுகிற நம்பகமான ஆட்கள் வேண்டும் என்றாள், நான் பெருமையாக உன் விலாசத்தைக் கொடுத்தேன். உனக்கு அனுப்ப வேண்டிய படிவத்தை அவள் என்னிடம் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொன்னாள். எட்டுக் கேள்வி. மூலை நசுங்கியிருக்கிறதா, டேப் பிரிந்திருக்கிறதா, கண்ணாடியில் முடிமாதிரி விரிசலாவது இருக்கிறதா, பார்த்ததை மட்டும் எழுதவும், யூகித்து எழுத வேண்டாம். நீ இதை வரிக்கு வரி ஒழுங்காக நிரப்புவாய் என்று எனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான். என் மகள் அந்த முனையில் உண்மையை எழுதப்போகிறாள், நான் இந்த முனையில் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்ததும் படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராக அந்த எஞ்சினியர் பெண்ணின் மேசைக்குப் போனேன். பதினொன்று இருபதுக்கு விழுந்த அடி என்னுடையது என்றேன். அவள் கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், பேனாவை எடுத்து, "ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி சார் இப்படித் தட்டுவீங்க?" என்றாள். எல்லாப் பெட்டியும் என்றேன். அவள் எழுதவில்லை, பேனாவை மூடிவிட்டாள்.

மேனேஜரிடமும் போய்ச் சொன்னோம். "நாலு வருஷமா நீரே உடைச்சு நீரே அனுப்பினீரா?" என்று அவர் கத்தியது கேன்டீன் வரைக்கும் கேட்டது, அங்கே ஒருவர் டீயைக் கொட்டிக்கொண்டாராம். ஆனால் அந்தப் பெண் குறுக்கிட்டு, தட்டினால்தான் உடைகிறது என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை, அதையும் சேர்த்துப் பார்ப்போம் என்றாள். திட்டம் மாறியது. ஒற்றன் இனி மேசையிலேயே ஆன் ஆகும். பத்துப் பெட்டியையும் நிதானமே கட்டுவாள், அதில் ஐந்துக்கு மட்டும் என் தட்டு, மற்ற ஐந்துக்கு இல்லை, வேறு எதிலும் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஐந்து ஊருக்குத் தட்டியது ஒன்று தட்டாதது ஒன்று என்று ஜோடி ஜோடியாகப் போகும். கட்டி முடித்த பிறகுதான் அந்த எஞ்சினியர் பெண் விலாசத்தை ஒட்டுவாளாம், இல்லாவிட்டால் மகளுக்குப் போகிற பெட்டியில் நான் மெத்தை விரித்துவிடுவேனாம். ஒரு மாதத்தில் என்னை நன்றாகப் படித்துவைத்திருக்கிறாள். பத்துப் பெட்டியின் முடிவு தெரியும்வரை நிதானத்தின் மேசையை யாரும் தொடக்கூடாது என்று மேனேஜரிடம் எழுதி வாங்கியும் விட்டாள்.

நேற்றுச் சனிக்கிழமை கட்டினோம். இருபத்திரண்டு வருஷமாகத் தெரியாமல் தட்டினேன், நேற்று ஐந்து முறை தெரிந்தே தட்டினேன். நான்கு முடிந்தது, ஐந்தாவதைத் தூக்கினால் கை இறங்க மாட்டேன் என்கிறது, மெதுவாக வைக்கப் பார்த்தேன். "எப்பவும் மாதிரியே தட்டுங்க சார், மெதுவாத் தட்டினா எல்லாம் வீணாயிடும்" என்றாள் அந்தப் பெண். அப்படியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிலை மாதிரி நின்றேன். நிதானம் பக்கத்தில் வந்து, "தட்டுங்கண்ணே. எனக்காகத் தட்டுங்க" என்றாள். தட்டினேன். முதல் தடவையாகக் காதை வைத்துக் கேட்கவில்லை.

உனக்கு வருவது நான்காம் பெட்டியும் ஒன்பதாம் பெட்டியும். நாளைக்கு லாரி ஏறுகிறது. எது நான் தட்டியது என்று எனக்குத் தெரியும், உனக்குச் சொல்ல மாட்டேன், போனில் எவ்வளவு நைச்சியமாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். உடைந்திருந்தால் உடைந்தது என்று எழுது. அப்பா வருத்தப்படுவாரே என்று ஒரு விரிசலைக்கூட மறைக்காதே, நீ மறைக்கிற விரிசல் நிதானத்தின் பிள்ளைகள் தலையில்தான் விடியும். இரண்டும் முழுசாக வந்தாலும் அப்படியே எழுது, அப்போது என் கை தப்பித்தது, குற்றம் வேறெங்கோ இருக்கிறது என்று தேடுவோம்.

இன்னொன்று, இதுதான் போனில் வராதது. நீ கிளம்பிய அன்றைக்கு ஸ்டேஷனில் உன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, கெட்டிக்காரி, உனக்கு ஒன்றும் ஆகாது என்றேன், நினைவிருக்கிறதா. எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். உள்ளே ஏதும் உருளவில்லை, சரியாகத்தான் இருக்கிறது என்று ஏற்றிவிட்டேன். நேற்று ஐந்தாவது பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அதுதான் நினைப்பு. அன்றிலிருந்து எப்போது கேட்டாலும் "நல்லாயிருக்கேம்ப்பா" என்கிறாய், ஒரே மாதிரி, ஒரே வேகத்தில். போன மாதம் நீ அப்படிச் சொன்னபோது மூக்கு அடைத்திருந்தது என்று உன் அம்மா சொல்கிறாள், சளி என்றேன், அவள் என்னைப் பார்த்தாள். ஒன்றும் ஆகாது என்று தட்டி அனுப்பியவனிடம் ஏதோ ஆனது என்று எப்படிச் சொல்வாய். அந்தத் தட்டை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். உனக்கு ஏதாவது ஆகலாம், ஆனால் சொல்லலாம், சொன்னால் எங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

ஆகையால் படிவத்தின் பின்பக்கத்தைக் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன். முன்பக்கம் கம்பெனிக்கு, பின்பக்கம் எனக்கு. எங்கே அடி பட்டது, எங்கே சூடு, எங்கே ஈரம், தோன்றியதை எழுது, நான் ஜோக்கடிக்காமல் படிப்பேன்.

வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள். எங்கே இருந்தாலும் நீ மனநிறைவோடு நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவும் அதையே சொல்லச் சொன்னாள். மறந்துவிடாதே, பெட்டியைப் பிரிக்கிற நேரத்தை மணி நிமிஷத்தோடு குறித்துவிட்டுத்தான் ஒற்றனை ஆஃப் செய்ய வேண்டும். பெட்டியைக் குலுக்கிப் பார்க்காதே, மேசைமேல் தட்டியும் பார்க்காதே, அந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும்
உன் அப்பா