ஆயிஷாவின் இடது ஜடை

எதிர்வீட்டுக்காரியே, என் தங்கமே மெஹர்,

இன்று காலை உன் மகள் பள்ளிக்கூடம் போனாள். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "போயிட்டாள்லா, பெறகென்ன?" என்றார். அவருக்கு தி. நகர் ஜவுளிக்கடைக்குக் கிளம்பும் அவசரம். போனாள்தான். எப்படிப் போனாள் என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

ராயப்பேட்டையில் இந்த மூன்றாவது மாடிக்கு நாங்கள் குடிவந்தபோது பங்கு பிரித்தவள் நீதான். "தலை என் பொறுப்பு, வயிறு உன் பொறுப்புக்கா" என்றாய். என் கனி சீப்பும் ரிப்பனுமாக உன் வீட்டுக்கு ஓடுவாள். உன் ஆயிஷாவின் டிபன் டப்பா என் அடுப்படியில் கிடக்கும். இரண்டு பேரும் ஒரே வகுப்பு, ஒரே ஆட்டோ. எனக்கு நேராக வகிடு எடுக்க வராது, உனக்குச் சோறு குழையாமல் வடிக்க வராது. பிள்ளைகளை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, ஹேர்பின்னைப் பல்லில் கடித்தபடி, "தலைய ஆட்டுன, மொட்டைதான்" என்று மிரட்டுவாய். இரட்டை ஜடை, மடித்துக் கட்டி, ரிப்பனில் பூ. பள்ளிக்கூடத்தில் மிஸ்கூட உன் கைவேலையைத் திருப்பிப் பார்ப்பாராம்.

அன்றைக்கும் பின்னிவிட்டாய். ஆட்டோவில் ஏற்றிவிட்டாய். துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனாய். பாதித் துணி கொடியில், பாதி பக்கெட்டில். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதயம் என்றார்கள். உனக்கா? படியில் என்னை முந்திக்கொண்டு ஏறுகிறவளுக்கா? இப்படியா சொல்லாமல் கொள்ளாமல் போவாய்?

உன்னை அடக்கத்துக்கு எடுத்துப் போன பிறகு கனியைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்குள் வந்தேன். "துட்டி வீட்டுக்குப் போயிட்டு வந்தா தலைக்கு ஊத்தணும்லா, புள்ளைக்கும் ஊத்து" என்றார் என் வீட்டுக்காரர். எங்கள் ஊர்ப்பக்கத்து வழக்கம் அது. சாவு வீட்டிலிருந்து வந்தால் தலைமுழுகாமல் எதையும் தொடமாட்டோம். கை தன்பாட்டுக்குச் செய்தது. ரிப்பனை உருவினேன், ஜடையைப் பிரித்தேன், தண்ணீரை ஊற்றினேன். அது நீ கடைசியாகப் பின்னியது என்று எனக்கு உறைக்கவே இல்லை.

ஆயிஷாவுக்கு உறைத்தது. மறுநாள் காலை கனியின் விரிந்த தலையைப் பார்த்தவள், "கனி ஜடைய யாரு அவுத்தது?" என்று கேட்டாள். "நான்தாம்மா" என்றேன். உடனே தன் இரண்டு ஜடைகளையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியை விடவே இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் காலை எப்படி இருக்கிறது தெரியுமா? யூனிஃபார்ம் போட்டுக்கொள்வாள், பால் குடிப்பாள், ஷூகூட மாட்டிக்கொள்வாள். சீப்பைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவிடமாட்டாள். ரிப்பன் கறுத்துவிட்டது, தலையெல்லாம் பேன். நான் கட்டிக்கொடுக்கும் எலுமிச்சைச் சோறு திறக்காமலே திரும்பி வந்தது. தலை வாராமல் அனுப்பாதீர்கள் என்று மிஸ் சொல்லிவிட்டார். அத்தோடு பள்ளிக்கூடமும் நின்றது. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது மெஹர். பிள்ளை மேல் இல்லை, உன் மேல்தான்.

இன்று காலை உன் வீட்டுக்காரர் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தார். "வெட்டிடறேன்க்கா. எவ்ளோ நாள் இப்படியே உடறது? என்னால முடியல" என்றார். பாவம், அவரை என்ன சொல்ல? கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டு வந்து என் அரிசி டப்பாவுக்குள் போட்டேன். திரும்பப் போய்த் தரையில் உட்கார்ந்து கட்டிலுக்கு அடியில் குனிந்தேன்.

"பெரியம்மா, அவுத்தா அம்மா பின்னின மாதிரியே திரும்ப வருமா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "வராதும்மா" என்றேன்.

"அப்ப எதுக்கு அவுக்கணும்?"

கீழே ஹாரன் அடித்தது. "யம்மோவ், இன்னா இன்னும் ரெடியாவலியா? பசங்கல்லாம் வண்டில குந்திக்கினு கீதுங்க!" என்று ஆட்டோக்காரர் கத்தினார். மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு மயிலாப்பூர் போகவேண்டுமே அவருக்கு.

அப்போது கனி யூனிஃபார்மோடு கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து போனாள். "உனக்காவது ரெண்டு இருக்கு. எனக்கு ஒண்ணுமே இல்ல" என்றாள்.

மெஹர், இத்தனை நாளும் கனி இதைப் பற்றி என்னிடம் வாயே திறக்கவில்லை. நான் அவள் தலையைக் கோணலும் மாணலுமாக வாரி அனுப்பிக்கொண்டிருந்தேன். அவளிடமிருந்து நான் எதைக் கழுவி ஊற்றிவிட்டேன் என்று அங்கே உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. அழுதேன். பிள்ளைகள் முன்னால் அழக்கூடாது என்பதெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

ஆயிஷா வெளியே வந்தாள். என் முழங்காலுக்கு நடுவில் உட்கார்ந்து, வலதுபக்க ஜடையை என் கையில் கொடுத்தாள். "இது மட்டும்" என்றாள். இடது ஜடையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நீ போட்ட முடிச்சு விரலுக்கு அசையவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தேன். பிரித்த பிறகும் முடி நீ மடித்த மாதிரியே வளைந்து நின்றது. தேங்காய் எண்ணெயும் அழுக்குமாக ஒரு வாசனை. நான் பின்னியது மேலே தடியாகவும் கீழே எலிவாலாகவும் வந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டாள். படிக்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒருபக்கம் நீ பின்னியது, ஒருபக்கம் நான் பின்னியது, ஆட்டோ தெருமுனை திரும்பிப் போய்விட்டது.

எனக்கு ஆறுதல் கிடைத்துவிட்டதாக நினைத்துவிடாதே. அவள் பிடித்துக்கொண்டிருந்த இரண்டில் ஒன்றை வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான். நான் தொடாவிட்டாலும் அந்த இடது ஜடை நாளுக்கு நாள் தானாகக் கலைந்துகொண்டிருக்கிறது. தூக்கத்தில் ஒரு இழை, ஓடும்போது ஒரு இழை. அதுவும் போன பிறகு உன் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்வாள்? எனக்குத் தெரியவில்லை மெஹர். உனக்காவது தெரியுமா?

எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். அவளாகச் சொல்லும்வரை அந்த ஜடையில் நான் கைவைக்க மாட்டேன், யாரையும் கைவைக்கவும் விடமாட்டேன். கத்தரிக்கோல் அரிசிக்குள்ளேயே கிடக்கட்டும். அவள் சொல்லும் நாளில் அதைக் கனிதான் பிரிப்பாள். நான் கழுவி ஊற்றியதற்கு அவளுக்கு ஒன்று பாக்கி இருக்கிறது.

உன் பிள்ளைக்குப் பெரியம்மா,
உனக்குச் செல்வி அக்கா