டிராக்டருக்கு ஒரு முன்பாரம்

ஆவணி 9, திங்கள்

கச்சான் காற்று ஓயவில்லை. வாயெல்லாம் புழுதி. முதலாளி போடியாரின் பள்ளவட்டை வயலில் கால்வாசி உழவு முடிந்தது. கலப்பை இறுகிய மண்ணில் மாட்டினால் டிராக்டரின் முன்சில்லு இரண்டும் எழும்புகிறது. ஒருநாள் மல்லாக்க விழும். அடியில் ஓட்டுகிற நான்.

போடியார் (போ.) கண்டுபிடித்த வைத்தியம்: பாரத்துக்கு முன்னால் ஓர் ஆளை இருத்துவது. அந்த ஆள் கந்தப்பன், என் பெண்சாதியின் தமையன். எஞ்சின் மூக்கில் சாக்கை விரித்துக் குந்தியிருக்கிறான். இன்று வழுக்கி விழுந்தான். சில்லுக்கும் அவன் காலுக்கும் நாலு விரல் இடைவெளி. எழும்பிச் சிரிக்கிறான், சனியன்.

"நான் இல்லாட்டி மிசின் பறந்திரும் மச்சான்."

வீட்டில் தங்கம்மா: "அண்ணன் ஏன் நொண்டுறார்?" தெரியாது என்றேன்.

ஆவணி 10

மணல் மூட்டை கட்டிப் பார்த்தேன். நாலு சால் ஓடவில்லை, கிழிந்து கொட்டியது. பீப்பாவில் ஊற்றி மூக்கில் கட்ட போ.விடம் சீமெந்து கேட்டேன். இரண்டு மூட்டை கிடக்கிறது, கண்ணால் கண்டேன்.

"சண்டைக் காலத்தில சீமெந்து எண்டா சும்மாவா? அது கிணத்துக் கட்டுக்கு."

ஐயா குளிக்கிற இடம் வழவழப்பாக இருக்க வேண்டுமாம்.

கிணற்று வேலைக்கு வந்திருக்கும் ஏறாவூர் மேசன் சேகு காக்கா இரங்கினார். "மட்டி சுட்ட சுண்ணாம்பு போடுங்க தம்பி. எங்கட ஊட்டுச் சுவரெல்லாம் அதாலதானே நிக்கிது. எட்டு நாள்ல கல்லாப் போயிரும்."

ஆவணி 11

தார்ப் பீப்பா 1. சுண்ணாம்பு 6 கடகம். மணல். உடைந்த கொழு, சங்கிலித் துண்டு, வாவிக்கரையில் கிடந்த துருப்பிடித்த நங்கூரம். பீப்பாவைத் தாங்கப் பாலைமரக் கட்டை 2.

க.வும் நானும் குழைத்து நிரப்பினோம். தண்ணீர் போகாமல் மூடியை அடித்து இறுக்கி, விளிம்பெல்லாம் தார் பூசினேன். பெரிய கெட்டிக்காரன் நான்.

ஆவணி 15

காய்கிறது என்று நம்பிக்கை. தட்டினால் சத்தம் கனமாக. க. இன்னும் மூக்கில்தான். இன்றும் ஒருமுறை வழுக்கினான். சிரிக்கவில்லை. தங்கம்மா கேள்வியை விட்டு, அண்ணன் காலுக்கு எண்ணெய் காய்ச்சுகிறாள். அது இன்னும் மோசம்.

ஆவணி 19, வியாழன்

விடியப் பீப்பாவைக் கட்டினோம். முன்சில்லு நிலத்தை விட்டு எழும்பவில்லை! பத்துச் சால். க. வரம்பில் குந்தி வெற்றிலை போட்டபடி, "எனக்கு இனி வேலை இல்லையா?" என்று கத்துகிறான். சந்தோசத்தில் கண் கலங்கியது, எழுத வெட்கம்.

பதினோராவது சாலில் வரம்பு ஏறும்போது உள்ளே ஏதோ ஒரு பக்கம் சரிந்தது. பாலைக் கட்டை முறிந்தது. பீப்பா விழுந்து வெடித்தது. உள்ளே சுண்ணாம்பு தயிர். எட்டு நாளும் தயிராகவே கிடந்திருக்கிறது.

சேகு காக்கா குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். "சுவருக்குக் காத்துப் படும், இறுகும். நீங்க தாரால அடைச்சிட்டீங்களே. நானும் சொல்ல மறந்திட்டன், அல்லாவே."

எனக்கு என்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

ஆவணி 20

வடக்கே மழைக் கருக்கல். நாலு நாள் தவணை கேட்டேன், உன்னிச்சைப் பக்கமிருந்து வண்டியில் கருங்கல் ஏற்றி வந்து கட்ட. இங்கே களிமண்ணைத் தவிர என்ன இருக்கிறது.

போ.: "நாலு நாளைக்கு மழை உனக்காக நிக்குமா? ஆள் இரிக்கான்தானே. ஏலாட்டிச் சொல்லு, வேற ஆள் பாப்பம்."

கிணற்றடியில் சேகு காக்கா சீமெந்தை மினுக்கிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏலாது என்று சொல்ல வாய் திறந்தேன். க. அதற்குள் சாக்கை உதறி விரித்து ஏறிவிட்டான். நொண்டிக்கொண்டு. "விடு மச்சான். கல்லெல்லாம் மறுகா பாப்பம். எடு."

அவனை ஏற்றியது போ. என்று தங்கம்மாவிடம் சொல்லலாம். கம்பியைப் போட்டுச் சுழற்றி எஞ்சினை எழுப்பியது நான்.