இடைவேளையில் நீங்கள் கேட்டது

இன்று மதியம் எதிர்வீட்டுத் தொலைக்காட்சியில் நம் படத்தின் இசை கேட்டது. நம் படம் என்று எழுதவே கை கூசுகிறது. அதை நான் முழுதாகப் பார்த்ததே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். ஒற்றைப் புல்லாங்குழல், நடுவே யாரோ தொண்டையைச் செருமுவது போல ஒரு தாளம். கேட்டதும் என் தலை தானாக இடப்பக்கம் திரும்பியது. அங்கே கொடியில் ஈரத் துண்டு ஒன்றுதான் ஆடிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டு சரோஜா ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். "டீச்சர், வாங்க. நல்ல படம் போட்டிருக்கான். தனியா என்னா பண்றீங்க?"

போவதா வேண்டாமா என்று துணியை மடித்தபடி வெகுநேரம் நின்றேன்.

நீங்கள் என்னைப் பெண் பார்க்க வந்தபோது நான் நாற்பதைத் தொட்டிருந்தேன். பண்ருட்டியில் என் அக்கா வீட்டுக் கூடம். தட்டில் இருந்த முந்திரியை யாரும் தொடவில்லை. நீங்கள்தான் முதலில் பேசினீர்கள். "ஒண்ணு சொல்லிடறேங்க. எனக்கு ஃபிட்ஸ் வரும். மாத்திரை சாப்பிடறேன். சொல்லாதடான்னு எங்கக்கா காலையிலேர்ந்து பாடம் எடுத்திச்சு. ஆனா மாத்திரைய எத்தினி நாளைக்கு ஒளிச்சு வெச்சுத் திங்கறது?" உங்கள் அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். யார் எதைச் சொன்னாலும் சந்தேகப்படுவது என் சுபாவம். அன்று உங்களை மட்டும் நம்பிவிட்டேன்.

அந்த நோயை நான் முதன்முதலாகப் பார்த்தது கடலூர் பேருந்து நிலையத்தில். கல்யாணமான புதிது. சிதம்பரம் வண்டிக்குக் காத்திருந்தோம். நீங்கள் பேசிக்கொண்டிருந்த வார்த்தை பாதியில் நின்றது. அடுத்த நொடி தரையில் கிடந்தீர்கள். கூட்டம் சூழ்ந்துகொண்டது. "சாவி குடுங்க! இரும்பு, இரும்பு!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள்.

"சாவியெல்லாம் வேணாங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், காத்து வர வுடுங்க" என்றேன்.

"தள்ளும்மா, உனக்குத் தெரியாது" என்று ஒரு நடத்துநர் தன் சாவிக்கொத்தை உங்கள் விரல்களுக்குள் திணித்தார். சற்று நேரத்தில் துடிப்பு தானாக அடங்கியது. நடத்துநர் என்னைப் பார்த்து, "பாத்தியாம்மா?" என்றார்.

விலங்கியல் படித்தவள், அதையே சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் நடத்துகிறவள். இரும்புக்கும் மூளையின் மின்னோட்டத்துக்கும் தொடர்பில்லை என்று மாணவிகளுக்குச் சொன்னவள். அடுத்த வாரமே பழைய இரும்புக் கடையில் கனமான சாவி ஒன்றை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். சில்லறை தேடும்போது அது உங்கள் கையில் அகப்பட்டது.

"எந்தப் பூட்டுக்கு இது?"

"எதுக்கும் இல்லீங்க."

உங்களுக்குப் புரிந்துவிட்டது. "எம்.எஸ்சி. படிச்சிட்டு?" என்று சிரித்தீர்கள். "சரி, வெச்சுக்க. திருடன் வந்தா மண்டையில போடலாம்."

அதற்குப் பிறகு கடலூரில் நம் வீட்டில் பயம்தான் சட்டம் போட்டது. குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் கூடாது. அடுப்பை நீங்கள் பற்றவைக்கக் கூடாது. தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனால் காய்ந்த மணலைத் தாண்டக் கூடாது. "அலை காலத் தொட்டா என்னாவாம்?" என்று கேட்பீர்கள். நான் உங்கள் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வேன். "உத்தரவு, டீச்சர்" என்று நின்றுவிடுவீர்கள். தூங்கும்போதுகூட உங்கள் இமைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிதம்பரத்தில் அந்தப் படத்துக்கு அழைத்துப் போனது நீங்கள்தான். ஒரு சனிக்கிழமை, கல்லூரி வாசலுக்கு வந்து நின்றீர்கள். காதல் படங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது என்றேன். "இதுல சண்டை இல்லையாம், வெளிநாட்டுப் பாட்டு இல்லையாம், ஒருத்தரும் சாவலியாம். உனக்காகவே எடுத்திருக்கான்" என்றீர்கள்.

அரங்கு முக்கால்வாசி காலி. படத்தில் மின்தூக்கி பழுதுபார்க்கும் ஒருவன், தெருநாய்க்குப் பயந்து தினமும் சுற்றுவழியில் வேலைக்குப் போகும் ஒரு பெண். இருவருக்கும் முப்பது தாண்டிவிட்டது. இதுகூட நீங்கள் இடைவேளையில் சொன்னதுதான். திரையின் வெளிச்சம் உங்கள் கன்னத்தில் மாறி மாறி விழுவதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் உதட்டோரம் அசைந்தால் சிரிப்பா, இல்லை அதுவா என்று என் மூச்சு நின்று நின்று வந்தது.

இடைவேளையில் விளக்கு போட்டதும் கேட்டீர்கள். "ஹீரோ சட்டை என்னா கலரு?"

"நீலம்."

"அவன் படம் பூரா காக்கிதான் போட்டுக்கிட்டு இருக்கான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். பிறகு சிரிப்பு போய்விட்டது. "படம் அங்க ஓடுது. நீ என்னையே பாத்துக்கிட்டு இருக்க. மீதி ஒரு மணி நேரம் என்னப் பாக்காத. வந்தா வரட்டும். ஒரு மணி நேரமாச்சும் காவல் இல்லாம நான் உக்காந்து பாக்கணும்."

அந்தக் குரலில் நீங்கள் என்னிடம் பேசியதே இல்லை. உங்கள் மணிக்கட்டின் மேல் இருந்த என் கையை எடுத்து நாற்காலிக் கைப்பிடியில் வைத்தீர்கள். உங்களுக்கு வலித்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. விளக்கு அணைந்ததும் திரையைப் பார்த்தேன். கழுத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

மழை. மூடிய கடையின் கூரைக்கடியில் இருவரும் நிற்கிறார்கள். அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு லாரி போகிறது. லாரி போன பிறகு, "என்ன சொன்னீங்க?" என்கிறாள். "மழை" என்கிறான். அடுத்த லாரி. "என்ன?" "நல்ல மழை." முன்வரிசையிலிருந்து ஒரு குரல், "டேய், சொல்லித் தொலைடா, எங்க கடைசி பஸ்ஸு பூடும்!" என்றது. நான் சிரித்துவிட்டேன். சத்தமாக. அவளுக்கு முதல் தடவையே காதில் விழுந்துவிட்டது, அவன் இன்னொரு முறை முயலட்டும் என்றுதான் கேட்காததுபோல நிற்கிறாள். அது அவள் முகத்தில் எங்கோ ஒரு மூலையில் தெரிந்தது. இவ்வளவு சின்ன விஷயத்தை நம்பி ஒருவர் படம் எடுத்திருக்கிறாரே என்று வியந்தேன்.

அந்த வியப்பின் நடுவிலேயே சட்டென்று நினைவு வந்தது. எவ்வளவு நேரமாக உங்களைப் பார்க்கவில்லை? திரும்பினேன். நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"இன்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல. நீ சிரிச்ச. அதப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அதன் பிறகு திரையின் பக்கம் என்னால் திரும்ப முடியவில்லை. மீதிப் படம் முழுவதும் பழையபடி உங்கள் முகம்தான். பேருந்தில் கடலூர் திரும்பும்போது புதுச்சத்திரம் தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

இரண்டு வருடம் கழித்து, பகல் பதினொரு மணிக்கு, உங்கள் அலுவலகத்தில் மேசை மேல் சரிந்தீர்கள். நான் சிதம்பரத்தில் வகுப்பில் இருந்தேன். உங்களோடு வேலை பார்த்தவர் மருத்துவமனை வராந்தாவில் என்னிடம் அழுதார். "வழக்கமா வர்றதுதான்னு நெனச்சிட்டோம்மா. சாவிய கையில குடுத்துட்டு, தெளிஞ்சிடுவாருன்னு உக்காந்திருந்தோம்." அது வலிப்பு இல்லை. இதயம். அவரை நான் குறை சொல்லவில்லை. நான் பக்கத்தில் இருந்திருந்தாலும், ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு அடங்கட்டும் என்று காத்திருந்திருப்பேன். அத்தனை வருடம் ஒரே வாசலில் நின்று காவல் காத்தேன். அது வேறு வழியாக வந்து உங்களைக் கொண்டுபோய்விட்டது.

இன்று கடைசியில் எதிர்வீட்டுக்குப் போனேன். சரோஜாவின் கணவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார். அவள் எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். மழைக் காட்சி முடிந்திருந்தது. நான் பார்க்காத பகுதி. திரையை மட்டும் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. யாரும் யாருக்காகவும் ஓடவில்லை, அழவில்லை. அவள் பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்கிறாள். அவன் கீழே நிற்கிறான். வண்டி உறுமுகிறது. அவள் கை மெல்ல மடியிலிருந்து எழுகிறது.

அப்போது தூக்கத்தில் சரோஜாவின் கணவருடைய கை ஒருமுறை வெட்டி இழுத்தது. நான் எழுந்து அவர் தோளைப் பிடித்துவிட்டேன். அவர் அலறிக்கொண்டு விழித்தார். "இன்னா டீச்சர், இன்னா?" என்று சரோஜா பதறினாள். தூக்கத்தில் எல்லோருக்கும் வருகிற உதறல்தான். எனக்குத் தெரியாததா?

"ஒண்ணுமில்ல, மன்னிச்சுக்குங்க" என்று உட்கார்ந்தபோது திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அடடா, முடிவப் பாக்கலியா?" என்றாள் சரோஜா. "பக்கத்து சீட்டுல கைக்குட்டையப் போட்டா. அவன் ஓடிப்போய் ஏறிட்டான். அவ்ளோதான். கடைசி வரைக்கும் அந்த வார்த்தைய ரெண்டு பேரும் சொல்லவே இல்ல, போங்க."

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். நீங்கள் போனதோடு பயமும் போகும் என்று நினைத்தேன். அது என்னிடமே தங்கிவிட்டது. பேருந்தில் பக்கத்தில் தூங்குகிறவர், தேர்வறையில் தலை கவிழும் மாணவி என்று ஆளை மாற்றிக்கொண்டே இருக்கிறது. அன்று நீங்கள் கேட்ட ஒரு மணி நேரத்தில், லாரிகள் போன அந்தக் கொஞ்ச நேரத்தை மட்டுமே என்னால் தர முடிந்தது. அதையும் நீங்கள் படம் பார்க்காமல், என்னைப் பார்த்தே செலவழித்துவிட்டீர்கள்.