சிவப்புப் புள்ளி வைத்த காசு

அக்டோபர் 3
சார்டினியத் தீவின் முடிசூடா மன்னன், பட்டாடா ஊரின் ஒளிவிளக்கு, பைன்ஸு ஆகிய நான் இன்று கத்தி வாங்கப் போனேன்.

அக்கா பியெத்ரினாவின் மகள் ஸ்பெரான்ஸா, டூரின் நகரத்துப் பையன் திஸியானோவைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள். அக்காவுக்குச் சம்மதமில்லை. "பையில சல்லிக்காசு வெச்சுக்கத் தெரியாதவன்டா. எல்லாத்துக்கும் போனை நீட்டுறான்!" ஞாயிறு விருந்தில் என் கையால் கத்தி வாங்கினால் பையன் பாதி வீட்டு ஆள். மீதிப் பாதி அக்கா பாடு.

கொல்லன் போபோரே நூற்றெண்பது யூரோ என்றான். நூற்றைம்பதுக்குக் கேட்டேன்.

"பிடி கடாக்கொம்புண்ணே. அந்தக் கடாவையே வரச்சொல்றேன், அதுகூட பேரம் பேசுங்க."

கார்டை நீட்டினேன். கத்தியை மடக்கி உள்ளே வைத்துவிட்டான். நோட்டு எடுக்க ஓடினேன். ஆனால் கத்தி! விரித்துக் காட்டினால் மலை தானாகப் பிளந்து வழிவிடும்.

அக்டோபர் 4
அக்காவோடு சூப்பர் மார்க்கெட். காசு போட்டால் திறந்து, வண்டியைத் திரும்ப விட்டதும் காசைத் திருப்பித் தரும் தள்ளுவண்டிப் பூட்டுக்கென்றே ஒரு யூரோ காசு வைத்திருக்கிறாள், நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி இட்டு. கூடப்பிறந்தவன் எனக்கே தரமாட்டாள். புதையல் காக்கும் பூதம்.

அக்டோபர் 5
விருந்து. கத்தியைக் கொடுத்தேன். பையன் நன்றி சொல்லிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். போச்சு! கத்தியைச் சும்மா வாங்கினால் உறவு அறுந்துபோகும், பதிலுக்கு ஒரு காசாவது தர வேண்டும். எங்கள் ஊர்க் கோழிக்குஞ்சுக்கும் இது தெரியும்!

"போன்ல அனுப்பட்டுமா, மாமா?" என்றான், பாவி.

ஸ்பெரான்ஸா தன் பணப்பையைத் திறந்தாள். "கடன் காசு செல்லாதுடி," என்றாள் அக்கா.

பையன் வெளியே ஓடினான். ஏடிஎம் ஐம்பது யூரோ நோட்டைத்தான் துப்பியிருக்கிறது. அதை நான் வாங்கினால் கொள்ளைக்காரன். மீதி கொடுத்தாலோ — கொடுத்த காசு திரும்பிப் போனதாகாதா? ஞாயிறு மதியம், கடையெல்லாம் அடைப்பு. ஸ்பெரான்ஸா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா பலகாரம் எடுக்க உள்ளே போனாள். பையன் எச்சில் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான்.

திரும்பி வந்து என் உள்ளங்கையில் ஒரு யூரோ வைத்தான்.

"ஏதுப்பா?"

"இருந்துச்சு, மாமா." காது சிவந்திருந்தது.

அக்டோபர் 6
எங்கிருந்து வந்தது? காலுறைக்குள் வைத்திருந்தானா? அடுப்படியில் அச்சடித்தானா? மண்டை வெடித்துத் தீவே மூழ்கிவிடும் போலிருக்கிறது. கண்ணாடி போட்டுப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

அட!

அக்டோபர் 11
சூப்பர் மார்க்கெட். தள்ளுவண்டிகளுக்கு முன்னால் அக்கா கைப்பையைத் துழாவிக்கொண்டு நின்றாள்.

"ஒரு யூரோ குடுடா."

சிவப்புப் புள்ளிக்காரன் என் பையில்தான் இருந்தான். ஆனால் அவன் கத்தியின் விலை, தரக் கூடாது. வேறு காசு கொடுத்தேன்.

"உன் காசு எங்கக்கா?"

"தொலைஞ்சிருச்சு." முகத்தைப் பார்க்காமல் பூட்டில் செருகினாள். "கல்யாணப் பலகாரத்துக்குப் பாதாம் இப்பவே வாங்கிடலாமா?"

நான் எதுவும் கேட்காமல் வண்டியைத் தள்ளினேன். உலக வரலாற்றில் இதுவே முதல் முறை.