மாமன் மடி

அடியே,

இன்று என் புடவையெல்லாம் சந்தன வாசனை. மலைமேல் நம் குட்டிக்கு, அவளுடைய சொந்தக் குலசாமி கோயிலில், மொட்டை போட்டார்கள். சந்தனம் பூசிய தலையோடு ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நீ இருந்திருக்க வேண்டும். பாவி, போய்ச்சேர உனக்கு எதற்கு அவ்வளவு அவசரம்?

ஆலங்காயம் பக்கத்து அந்த வீட்டை மறக்க முடியுமா? பெற்றவள் ஆஸ்பத்திரியில் கிடந்ததால், அவள் தேறி வரும்வரை வளர்க்கச் சொல்லி நாம் இவளை ஒப்படைத்த வீடு. வளர்ப்புப் பெற்றோருக்கு நாம் நடத்திய வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிய தம்பதி. பிள்ளையைப் பார்த்துவரப் போனால், வாசலில் பந்தல்! கொல்லையில் இருந்த தங்கள் குலசாமி முன்னால் பிள்ளைக்கு மொட்டை போடப்போகிறார்கள். பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலையை நனைத்தாயிற்று, நாவிதர் கத்தியை எடுத்துவிட்டார். பிள்ளை வீறிட்டுக் கத்தினாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. "இப்பவே புள்ளைய கூட்டினு போய்டலாம்டி" என்றேன்.

"கூட்டினு போயி? அது இன்னும் எத்தினி வூடு மாறும்?" என் கையை அழுத்திவிட்டு நேரே போய் நாவிதர் எதிரில் உட்கார்ந்தாய்.

"மடியில வெச்சினு இருக்காரே, இவரு யாருங்க?"

"என் தம்பிங்க. மாமன் மொறை" என்றாள் வளர்ப்புத்தாய்.

பிள்ளை விக்கி விக்கிச் சொன்னாள்: "இவுரு இல்ல. எங்க மாமா மலையில கீறாரு."

நாவிதர் கத்தியை மடக்கினார். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அப்போ நான் யாருங்க இவளுக்கு?"

நம் வகுப்பில் இதற்குப் பதில் சொல்லித்தரவில்லை. நீ பிள்ளையின் ஈரத்தலையைத் துடைத்தபடியே சொன்னாய்: "அவங்கம்மா வர்ற வரைக்கும் இந்தத் தலைக்கு எண்ணெ வெக்கிறவங்க. அது சின்ன வேலையாங்க?"

பிள்ளை அந்த வீட்டிலேயே இருந்தாள். பெற்றவள் தேறி வந்து கூட்டிப்போகும்வரை நீயும் அங்கே போய்க்கொண்டே இருந்தாய், ஒருநாளும் குத்திக்காட்டாமல்.

இன்று சொந்த மாமன் மடியில் உட்கார்ந்தும் அவளுக்குப் பயம்தான். பெற்றவள் திரும்பிப் பார்த்து, கூட்டத்தில் ஒதுங்கி நின்ற வளர்ப்புத்தாயைக் கூப்பிட்டாள்: "அக்கா, இங்க வாங்க. முடிய நீங்கதான் புடிக்கணும்." விழுந்த முடியை அவள் முந்தானையில் ஏந்திக்கொண்டாள். அவள் எண்ணெய் வைத்து வளர்த்த முடி அது, இன்னும் மின்னியது.

எனக்கு இப்போதும் கோபம்தான் முதலில் வருகிறது. வரும்போதெல்லாம் என் கையை நீ அழுத்துகிறாய். நாளை புதிய வளர்ப்புப் பெற்றோருக்கு வகுப்பு, நீ இல்லாமல். "அப்போ நான் யாருங்க?" என்று எவளாவது கேட்கத்தான் போகிறாள். நீ சொன்னதையே சொல்லிவிடுவேன். அழாமல் சொல்ல வேண்டும், அதுதான் பயமாக இருக்கிறது.