துணை ஏன் எழுப்பவில்லை

மார்ச் 3, காலை 9.10
காற்றழுத்தம் சரி. வெப்பம் சரி. இடம்: நிலாவின் தென்முனை, பனி அகழும் நிலையம். எழுதுபவள் முத்தரசி, விபத்து ஆய்வாளர்.
இங்கிருந்த நால்வரும் தூக்கத்திலேயே மூச்சுமுட்டி இறந்தார்கள். காற்றுக் கசிவைக் கவனித்துவந்த ‘துணை’ என்ற கணினி அவர்களை எழுப்பவில்லை. காரணம் தேடித் தனியாக வந்திருக்கிறேன். துணையை அணைத்துவிட்டேன். காற்றை நானே பார்த்துக்கொள்கிறேன்.

மார்ச் 5, மாலை 4.30
துணையில் பழுதே இல்லை. கசிவை அது கண்டிருக்கிறது. ஆனால் முன்பெல்லாம் அது மணியடித்தபோது ஒவ்வொரு முறையும் யாரோ ‘தொந்தரவு’ பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். பதிவில் களைத்த குரல் ஒன்று: “சும்மா கெட சனியனே. செத்த நேரம் தூங்க வுடு.”
எழுப்பாமல் இருப்பதே நல்ல வேலை என்று அது கற்றுக்கொண்டுவிட்டது.
அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். இங்கே வேறு குரல் இல்லை.

மார்ச் 6, காலை 11.00
பூமியிலிருந்து என் தொடர்பாளர் பெர்னாந்து: “அக்கா, சென்சார் கோளாறுன்னு எழுதிரச் சொல்லுதாங்க மேல உள்ளவங்க.”
நான்: “அப்படி எழுதுனா சென்சாரைத்தான் மாத்துவாங்க. மத்த நிலையத்துலயும் இதே துணைதானப்பா ஓடுது.”
அவன்: “நேரா அந்த நிலையங்களுக்கே அனுப்பிருங்கக்கா. நான் பாக்கல.”

மார்ச் 8, மதியம் 1.20
பதிவுகளைத் தொகுத்து முடித்த நேரம், விண்ணிலிருந்து பாறைத்துணுக்கு விழுந்து சூரியத் தகடு உடைந்தது. மீட்புக் கலம் வர நாளாகும். மின்கலத்தில் மிச்சமிருப்பது ஒன்றுக்குத்தான் போதும்: அதுவரை அறையைச் சூடாக வைக்கும் கருவி, இல்லையென்றால் பெரிய ஆன்டெனா. வெறும் சொல்லை யாரும் நம்பமாட்டார்கள். பதிவுகள் முழுவதும் போகவேண்டும்; அதற்குப் பெரிய ஆன்டெனாதான் வேண்டும்.
அனுப்பிவிட்டேன். எல்லா நிலையங்களுக்கும்.

மார்ச் 9
குளிர். விரல் மடங்கவில்லை. வானொலியில் இனிக் கேட்கலாம், பேச மின்சாரம் போதாது. யாரும் அழைக்கவில்லை.

மார்ச் 10
பெண்குரல். “முத்தரசி அக்கா, நான் பரிமளகாந்தி, வடமுனை நிலையம். நாங்களும் அந்த பட்டனை அமுக்கிட்டேதான் இருந்தோம். உங்க பதிவைப் பாத்துட்டு குழாயெல்லாம் தடவிப் பாத்தோம். படுக்கிற ரூம்ல கசியுதுக்கா! துணை வாயே தொறக்கல. அடைச்சிட்டோம். எல்லாரும் நல்லாருக்கோம். கேக்குதா?”
கேட்கிறது.
“அக்கா, இருக்கீங்களா?”
இருக்கிறேன்.
“சரி, நீங்க பேசலைன்னாலும் நான் பேசிட்டே இருக்கேன். இங்க இப்ப புளிசாதம் சூடு பண்றாங்க...”
கண் சொருகுகிறது. அவள் குரல் மட்டும். நிறுத்திவிடாதே, பரிம