புரட்டாசி பன்னிரண்டு, புதன்கிழமை

உதகமண்டலம்
19.11.2023

கிருஷ்ணம்மாளுக்கு அவள் வீட்டுக்காரன் லோகநாதன் சொல்லி எழுத வைத்தது. உயிரோடு இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. "எதுவா இருந்தாலும் எழுதி அனுப்பச் சொல்லு" என்று பிள்ளையிடம் சொன்னாயாம். கைநாட்டுக்காரனைப் பார்த்து எழுதச் சொல்வது உனக்கே தகுமா? சந்திரமோகனிடம் சொன்னால் பேங்கில் எழுதுகிற மாதிரி நாலு வரியில் சுருக்கிவிடுகிறான். அதனால் பக்கத்து போர்ஷன் ரேணுகாம்பாள் டீச்சரைப் பிடித்தேன். ரிட்டையர் ஆனவர்கள், நம்ம படவேட்டுப் பக்கம். சொன்னதைச் சொன்னபடி போடுகிறார்கள்.

இது மனுஷன் இருக்கிற ஊர் இல்லை. தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகிக் கிடக்கிறது. தலைக்கு வைக்க வேண்டுமென்றால் மருமகள் தீபா அதைச் சுடுதண்ணீர்ச் சொம்பில் நிறுத்தி வைக்கிறாள். ராத்திரி அரைத்த மாவு காலையில் அரைத்தபடியே உட்கார்ந்திருக்கிறது. துவைத்த வேட்டி நாலு நாளாய் ஈரம். ஜன்னலைத் திறந்தால் பச்சை விறகு எரித்த மாதிரி மூட்டம் உள்ளே வந்துவிடுகிறது. காலுக்கு உறை, கைக்கு உறை, தலைக்குக் குரங்குக் குல்லா. கண்ணாடியில் பார்த்தால் ஏடிஎம் வாசல் வாட்ச்மேன் நிற்கிறான். எழுபத்தொரு வருஷம் ஆரணி வெயிலில் கிடந்த முழங்கால், ஒரு மாடிப்படி ஏறுவதற்குள் பேஜார் பண்ணுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஐப்பசி பதினேழு, வெள்ளிக்கிழமை, நம்ம பெண் திலகவதி செய்யாரிலிருந்து பெட்டியோடு வந்தாள். புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போ என்று நான் சொன்னேன். போக மாட்டாள் என்று நீ சொன்னாய். "அவளா, நானா?" என்றேன். நீ அவள் பெட்டியை எடுத்து உள்ளே வைத்தாய். ஐப்பசி இருபது, திங்கட்கிழமை, நாலு நாற்பது வேலூர் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். வாசல் வரைக்கும் வந்தாய், சாப்பிட்டீங்களா என்று கூடக் கேட்கவில்லை.

அவளை அனுப்பி வைக்கிறேன் என்று சம்பந்தி ஜெயவேலுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் கிளம்பிய அன்றைக்கே ஒரு வரி எழுது. நான் அன்றைக்கே மலை இறங்குகிறேன்.

சொன்னது,
லோகநாதன்


ஆரணி
27.11.2023

சந்திரமோகன் அப்பாவுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. அஞ்சாம் கிளாஸ் எழுத்து, தப்பு இருந்தால் டீச்சரம்மா திருத்திப் படிக்கட்டும்.

போனில் நீங்கள் கத்துவீர்கள். நான் வைத்துவிடுவேன். நாற்பத்து நாலு வருஷமாய் அப்படித்தான் ஆகிறது. காகிதத்தில் கத்த முடியாது. சொன்னதை அப்புறம் இல்லை என்றும் சொல்ல முடியாது. அதற்குத்தான் எழுதச் சொன்னேன்.

காலுறையை ராத்திரி ஈரத்தோடு போடாதீர்கள். குளிக்கிறதை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மார்புச் சளி பிடித்தால் பிள்ளைக்குத்தான் லீவு போகும்.

இங்கே மழை விடவில்லை. ஈரத்தில் பட்டு இழை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. திலகவதி பிரித்துப் பிரித்து நெய்கிறாள். ஆமாம், உங்கள் தறியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். வேலை கொடுக்கிற கமலக்கண்ணனிடம் நானே போய்க் கேட்டேன். "அவரு தறியாச்சே, கேட்டீங்களா?" என்றார். "தறி தரையிலதான் இருக்குது, அவரு மலையில இருக்காரு" என்றேன். சிரித்துவிட்டுத் தறிக்குப் பாவு நூல் கொடுத்தார்.

ஒன்று கேட்கிறேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் புரட்டாசியில், தெரு நீளத்துக்கு நீங்கள் பாவு நூலை நீட்டிப் பிடித்திருந்த விடிகாலையில், திலகவதி வந்துவிட்டு உடனே திரும்பிப் போனாள். நான் உள்ளே அடுப்பில் பாவுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். அவள் வந்ததே எனக்குத் தெரியாது. ரெண்டு வருஷம் கழித்து எதிர்வீட்டுப் பச்சையம்மாள் வாய் தவறிச் சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்கு அவளிடம் என்ன சொன்னீர்கள்? எல்லாவற்றுக்கும் தேதி சொல்கிற நீங்கள் அதை மட்டும் சொன்னதில்லை. எழுதி அனுப்புங்கள். மற்றது அப்புறம்.

கிருஷ்ணம்மாள்


உதகமண்டலம்
8.12.2023

கிருஷ்ணம்மாளுக்கு,

என் தறியில் உட்கார்ந்தாளா? யாரைக் கேட்டு? அந்தப் பலகையில் என்னைத் தவிர ஒருத்தன் உட்கார்ந்ததில்லை. பெற்ற பிள்ளையைக் கூட உட்கார வைக்கவில்லை. இதற்கு மேல் நான் சொன்ன மூன்று வார்த்தையை டீச்சர் எழுத மாட்டேன் என்று பேனாவை மூடிவிட்டார்கள். நீயே ஊகித்துக்கொள்.

நீ கேட்ட அந்த நாள் எனக்கு ஞாபகம் இல்லை. வயசாகிவிட்டது. பத்துப் பேர் பிடித்துக்கொண்டு நிற்கிற பாவைப் பார்ப்பேனா, வருகிறவள் போகிறவளைப் பார்ப்பேனா?

நம் கல்யாணத்தைக் கேள், சொல்கிறேன். எழுபத்தொன்பது, வைகாசி ஆறு. உன் சின்ன மாமன் பாயச வாளியோடு வழுக்கி விழுந்தார். எழுந்தவர் முதலில் வாளியைத்தான் பார்த்தார். நீ சிரித்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாய். கமண்டல நாகநதியில் வெள்ளம் வந்த வருஷத்தைக் கேள், யார் வீட்டுக்குள் எத்தனை முழம் தண்ணீர் என்று சொல்கிறேன். இது ஞாபகம் இல்லை. விடு.

ஜெயவேல் போன் பண்ணினார். தை பிறந்ததும் வந்து அழைத்துப் போகிறேன் என்கிறார். நானும் வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறேன். புருஷன் பெண்டாட்டி சண்டை எந்த வீட்டில் இல்லை?

குளிர் எலும்பில் ஏறிவிட்டது. மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். வாயைத் திறந்தால் பீடி குடிக்காமலே புகை வருகிறது. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, வெயில் ஊருக்குப் போங்க" என்றார். அவருக்குத் தெரிகிறது, உனக்குத் தெரியவில்லை.

லோகநாதன்


ஆரணி
18.12.2023

சந்திரமோகன் அப்பாவுக்கு,

மருந்து வேளைக்குச் சாப்பிடுங்கள். டாக்டர் சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தை மாதம் அவர்களோடு நீங்கள் வந்து நின்றால், அவர்களுக்குச் சாத்துகிற கதவு உங்களுக்கும் சேர்த்துத்தான். கோபத்தில் எழுதவில்லை. மூன்று நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

திலகவதிக்கு இடது காது கேட்காது. உங்களுக்குத் தெரியுமா? அவள் வந்த மூன்றாம் நாளே நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். இடது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். திமிர் என்று முதலில் நானும் நினைத்தேன். அப்புறம்தான் சொன்னாள். எப்போது போனது என்று கேட்டேன். "அன்னிக்கு வந்தேனே, அதுக்கு முந்தின ராத்திரி" என்றாள்.

அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். "அவருக்கு ஞாபகம் இருக்கும்மா. அவரையே கேளு" என்று சொல்லிவிட்டுத் தறியை ஓட்ட ஆரம்பித்துவிட்டாள்.

கேட்டுவிட்டேன். இனிமேல் கேட்க மாட்டேன்.

கிருஷ்ணம்மாள்


உதகமண்டலம்
9.1.2024

கிருஷ்ணம்மாளுக்கு,

முந்தாநாள் காலையில் ஜெயவேல் போன் பண்ணினார். தை ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வண்டி வைத்துக்கொண்டு வருகிறார்களாம். "நீங்க வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க சம்பந்தி, பொண்ணு ஏறிடும். அன்னிக்குச் சொன்னீங்களே, அது மாதிரி. எங்க பையன் ரஞ்சித்குமார் இன்னிக்கும் அவகிட்ட சொல்லிக் காட்டுவான், உங்கப்பனே தண்ணி குடுக்காம அனுப்பினவன்தானேன்னு" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். என்னைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துச் சொன்னார்.

போனை வைத்துவிட்டு வெளியே போனேன். குல்லா போடவில்லை. புல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது. கல் உப்பைக் கொட்டிப் பரப்பின மாதிரி உறைபனி, கால் வைத்தால் நொறுங்குகிறது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. தீபா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஏழு வருஷமாய் அந்த வீட்டில் அவளை அடிக்கும்போதெல்லாம் என் வார்த்தையைச் சொல்லித்தான் அடித்திருக்கிறார்கள்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. எழுதுகிறேன். டீச்சர் முன்னால் சொல்லக் கூசுகிறது. எனக்கு வேறு கை இல்லை.

ரெண்டாயிரத்துப் பதினாறு, புரட்டாசி பன்னிரண்டு, புதன்கிழமை. தீபாவளிச் சரக்கு. வெயிலுக்கு முன்னால் கஞ்சி போட்டு ஜல்தியாய் முடிக்க வேண்டுமென்று அஞ்சு மணிக்கே பாவை நீட்டிவிட்டோம். கிழக்கு முனையில் குச்சியை நான் பிடித்திருந்தேன். மேற்கு முனையில் கமலக்கண்ணன். நடுவில் எட்டுப் பேர். அரக்குச் சிவப்புப் பாவு.

செய்யார் முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்தாள். பச்சைப் புடவை, கையில் மஞ்சள் பை. காலில் செருப்பு இல்லை. நேராக என்னிடம் வந்தாள். "அப்பா, நான் அங்க போக மாட்டேன்" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. இடது காதுக்குக் கீழே ரத்தம் காய்ந்து முடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பார்த்தேன். பார்க்கவில்லை என்று எத்தனையோ நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பார்த்தேன்.

எட்டுப் பேரும் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். குச்சியை விட்டால் பாவு முழுக்கச் சிக்கலாகும், அது நிஜம். ஆனால் பக்கத்தில் நிற்கிறவனிடம் கொடுத்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. நான் கொடுக்கவில்லை.

"தெருவே பாத்துகினு இருக்குது. உங்கம்மா வெளிய வர்றதுக்குள்ள போயிடு. ஆறேகாலுக்குப் பஸ் இருக்குது" என்றேன்.

"தண்ணி குடிச்சிட்டுப் போறேம்பா" என்றாள்.

"பஸ் ஸ்டாண்டுல குடி" என்றேன்.

அவள் அழவில்லை. பாவுக்கு அந்தப் பக்கம் போனால்தான் பஸ்ஸுக்கு வழி. சுற்றிப் போகத் தெம்பில்லையோ என்னவோ, பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பாவுக்குக் கீழே குனிந்து போனாள். தலைமுடி கூட இழையில் படவில்லை. நெசவுக்காரன் பெண். அந்த நேரத்திலும் பாவு அறுந்துவிடக் கூடாதென்று குனிந்தாள்.

நீ கஞ்சிப் பானையோடு வந்தாய். "யாரோ பேசின மாதிரி இருந்துச்சே, யாரு வந்தது?" என்றாய். "யாரும் இல்ல" என்றேன்.

அவ்வளவுதான். இதில் கூட்டினது குறைத்தது இல்லை.

நேற்று ஜெயவேலைக் கூப்பிட்டு, நான் வர மாட்டேன், நீங்களும் வராதீர்கள் என்று சொல்லிவிட்டேன். கொடுத்த வாக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். கொடுத்தது தப்பு என்றேன். வருவார்கள் போலத்தான் தெரிகிறது. தெருவில் ஆள் வைத்துக்கொள்.

லோகநாதன்


ஆரணி
24.1.2024

சந்திரமோகன் அப்பாவுக்கு,

கடிதம் பொங்கலுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. உடனே எழுத முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். ஜெயவேலும் மாப்பிள்ளையும் இன்னும் நாலு பேரும். "லோகநாதன் எங்கே?" என்று மூன்று தடவை கேட்டார்கள். "ஊட்டியில இருக்காரு, உங்ககிட்ட சொல்லிட்டாராமே" என்றேன். திலகவதி உள்ளே ஒளியவில்லை. வாசலுக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். மாப்பிள்ளை குரலை உயர்த்தினதும் பச்சையம்மாள் துடைப்பத்தோடு வந்து, "ஐயா, வண்டியை எடுங்க. தெருவுல பாவு நீட்டணும், எடம் வேணும்" என்றாள். மதியம் பன்னிரண்டு மணிக்கு எவன் பாவு நீட்டுவான்? ஆனாலும் கமலக்கண்ணனும் நாலு பேரும் எழுந்து வந்து நின்றுவிட்டார்கள். போய்விட்டார்கள். மறுநாள் அவளை வக்கீலிடம் கூட்டிப் போனேன்.

உங்கள் கடிதத்தை அவளுடைய வலது பக்கம் உட்கார்ந்து படித்தேன். தறியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முடிந்ததும், "சரியாத்தான் சொல்லியிருக்காரு" என்றாள். ராத்திரி சாப்பிட்டாள், தூங்கினாள்.

நேற்று, "அப்பாவை வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். "இப்ப வேணாம்மா. அவரு செருப்பு சத்தம் கேட்டா, எழுந்து எங்கியாச்சும் போயிடணும்னு இருக்கும். இப்பத்தான் உக்காரப் பழகிகினு இருக்கேன்" என்றாள். அவளே சொல்லுகிற வரைக்கும் வராதீர்கள்.

என் விஷயம் தனி. "யாரும் இல்ல" என்றீர்கள். நான் நம்பிக் கஞ்சியை ஊற்றினேன். அவள் தெருக்கோடி கூடத் தாண்டியிருக்க மாட்டாள். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள்.

மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

கிருஷ்ணம்மாள்


உதகமண்டலம்
4.2.2024

கிருஷ்ணம்மாளுக்கு,

படிக்கச் சொல்லிக் கேட்டேன். ரெண்டு தடவை.

எப்போது வரலாம் என்று அவளைக் கேட்காதே. நீ கேட்டால், எனக்காகக் கேட்கிறாய் என்று நினைத்துச் சரி என்று சொல்லிவிடுவாள். அவளுக்கு அப்படிச் சொல்கிற பழக்கம் நான் வைத்தது. அவளாகச் சொன்னால் சொல்லட்டும். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

"கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள்" என்கிற வரியை மட்டும் மூன்றாம் தடவையும் படிக்கச் சொன்னேன்.

பதினோரு மணிக்கு மேல் இங்கே வெயில் விழுகிறது. டீச்சரும் நானும் சுவரோரம் உட்காருகிறோம். நிழல் நகர நகர நாங்களும் பலகையை நகர்த்திக்கொள்கிறோம். தீபா மாவுப் பாத்திரத்தைக் கம்பளிக்குள் சுற்றி என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறாள். காலையில் பொங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. இருமல் குறைந்திருக்கிறது.

பங்குனியில் குளிர் விட்டுவிடுமாம். மறுபடி ஐப்பசியில் பிடித்துக்கொள்ளும் என்று டீச்சர் சொல்கிறார்கள். வெயில் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு முதல் குளிர்தான் கஷ்டமாம். இரண்டாவது குளிர் அவ்வளவு தெரியாதாம்.

சொன்னது,
லோகநாதன்